முகவரியில் ஹாரோ, கவுன்சில் பிரென்ட்: எங்கள் வீடு எந்த பரோவில் இருக்கிறது?

திருச்சி மீரா:

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் வந்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருந்தோம். இப்போது கென்டனில் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். கென்டன் ரோட்டிலிருந்து தெற்கே இறங்கும் ஒரு குறுக்குத் தெரு. பின்பக்கம் ஒரு சின்னத் தோட்டம், அதில் முந்தைய குடும்பம் நட்ட ஆப்பிள் மரம். என் மகள் அந்த மரத்தைப் பார்த்ததுமே பெட்டி கட்டத் தயாராகிவிட்டாள்.

விளம்பரத்தில் முகவரி "ஹாரோ, மிடில்செக்ஸ், எச்ஏ3" என்று போட்டிருந்தது. அப்படியென்றால் ஹாரோ கவுன்சில் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கவுன்சிலின் தளத்தில் குப்பை எடுக்கும் நாள், பள்ளிச் சேர்க்கை, பார்க்கிங் பர்மிட் எல்லாவற்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்து நோட்டில் எழுதியும் வைத்தேன். நேற்று சொலிசிட்டர் (வீடு வாங்குவதைப் பார்க்கும் வழக்கறிஞர்) லோக்கல் சர்ச் அறிக்கையை, அதாவது வீட்டைப் பற்றிக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கும் விவரத்தை அனுப்பினார். முதல் பக்கத்திலேயே பிரென்ட் கவுன்சில் என்று இருக்கிறது. வீடு மாறிப் பார்த்துவிட்டாரோ என்று இரண்டு முறை கதவு எண்ணைச் சரிபார்த்தேன். வீடு அதுதான்.

இப்போது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஈஸ்ட் ஹாமில் முகவரியில் "லண்டன் இ6" என்று வரும். இங்கே லண்டன் என்ற வார்த்தையே இல்லை. நாங்கள் லண்டனை விட்டு வெளியே போகிறோமா? மிடில்செக்ஸ் என்பது மாவட்டமா? பரோ என்றால் சென்னை மாநகராட்சியில் மண்டலம் என்று சொல்வோமே, அதுபோலவா? மகள் அடுத்த வருடம் செகண்டரி போக வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஹாரோவில் இருக்கும் பள்ளிதான் எங்களுக்குப் பக்கம். அதற்கு விண்ணப்பிக்கவே முடியாதா?

அங்கே இருப்பவர்கள் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

ரமேஷ், வெம்பிளி:

எச்ஏ என்றால் ஹாரோதானே? சொலிசிட்டர் அலுவலகத்தில் ஏதோ தவறு நடந்திருக்கும். திருப்பிக் கேளுங்கள். லண்டன் போஸ்ட்கோடு இல்லாத இடம் முறைப்படி லண்டன் இல்லை என்றுதான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கென்டன் தபால்காரர்:

ரமேஷ் தம்பி, கோபிக்க வேண்டாம், நீங்கள் சொன்ன இரண்டுமே பிழை. நீங்கள் எழுதுவது வெம்பிளியிலிருந்து என்று இருக்கிறது. உங்கள் போஸ்ட்கோடு எச்ஏ9 அல்லது எச்ஏ0 ஆகத்தான் இருக்கும். உங்கள் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கவுன்சில் வாங்கும் வரி) பில்லை எடுத்துப் பாருங்கள், மேலே பிரென்ட் என்றுதான் இருக்கும்.

மீரா பிள்ளை, சொலிசிட்டர் சொன்னது சரி. கென்டன் ரோட்டின் பெரும்பகுதிக்கு நடு வீதிதான் எல்லை. வடக்குப் பக்கம் ஹாரோ பரோ, தெற்குப் பக்கம் பிரென்ட் பரோ. உங்கள் வீடு தெற்கே. ஆகவே கவுன்சில் பிரென்ட், தபால் ஊர் ஹாரோ. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் இடம் அது.

நான் 1989இல் இங்கே வந்தவன். அதில் 22 வருடம் இந்தப் பக்கத்துத் தெருக்களில் கடிதம் கொடுத்தவன். போஸ்ட்கோடு என்றால் என்ன என்பதை ஃப்ரேமுக்கு முன்னால் நின்று படித்தவன் என்று சொல்லலாம். ஃப்ரேம் என்பது டெலிவரி ஆபீஸில் கடிதங்களை வீடு வீடாக அடுக்கும் தட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விரல் அகலத்தில் ஒரு குழி. தபால்காரர் நடக்கிற வரிசையில்தான் குழிகள் இருக்கும், எந்த வீடு எந்த நிர்வாகத்தின் கீழ் என்ற கணக்கே அங்கே கிடையாது. எச்ஏ3 என்றால் இந்தக் கடிதம் எந்த ஆபீஸுக்குப் போய், எவர் பையில் ஏற வேண்டும் என்பது மட்டும்தான்.

எல்லை எனக்குத் தெரிய வந்தது மார்ச் மாதங்களில். கவுன்சில் டாக்ஸ் பில்கள் மொத்தமாக வந்து இறங்கும். ஒரு கட்டு ஹாரோவிலிருந்து, இன்னொரு கட்டு பிரென்ட்டிலிருந்து. உறையும் வேறு, மேலே இருக்கும் சின்னமும் வேறு. முதல் வருடம் ஒரு வீட்டுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு மற்றது என்று பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தபோதுதான், அட, இந்த வீதியின் நடுவே ஒரு கோடு ஓடுகிறதே என்று விளங்கியது. அதற்குப் பிறகு நடக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைத் தேடத் தொடங்கிவிட்டேன். பல தெருப் பலகைகளில் தெருப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பரோவின் பெயர் இருக்கும். குப்பை லாரி வரும் நாள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடி அட்டைகளும் அப்படியே இரண்டு கட்டாக வரும்.

எச்ஏவின் முக்கியமான பகுதிகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அப்போது குழப்பம் தீரும். எச்ஏ1, 2, 3 ஹாரோ ஊர். அதிலேயே 3இன் ஒரு துண்டு உங்கள் வீடு போல பிரென்ட்டுக்குள் கிடக்கிறது. எச்ஏ0, எச்ஏ9 வெம்பிளி, பிரென்ட் பக்கம். எச்ஏ4 ரைஸ்லிப், ஹில்லிங்டன் பரோ. எச்ஏ6 நார்த்வுட், அதுவும் ஹில்லிங்டன்தான். ஆனால் அதே எச்ஏ6இல் இருக்கும் மூர் பார்க் லண்டனிலேயே இல்லை, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிறது. எச்ஏ8 எட்ஜ்வேர் மூன்று பரோவுக்குப் பிரிந்து கிடக்கிறது. பர்ன்ட் ஓக்கில் எட்ஜ்வேர் ரோட்டில் நின்று பாருங்கள். கிழக்குப் பக்கம் பார்னெட். மேற்குப் பக்கம் ஹாரோ, கொஞ்சம் தெற்கே நடந்தால் அதே மேற்குப் பக்கம் பிரென்ட். அந்த வீதி ரோமர் போட்டது, வாட்லிங் தெரு என்று பெயர். நேராகப் போகிற பழைய வீதியையே ஊர்களுக்கு எல்லையாக வைத்துக்கொண்டார்கள். நாங்கள் இன்றைக்கும் அந்த எல்லையின் மேல்தான் மரக்கறி வாங்குகிறோம்.

லண்டன் போஸ்ட்கோடு கதையும் அப்படித்தான். முகவரியில் லண்டன் என்று எழுதப்படும் பகுதியைத் தபால் துறை 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டது. நிர்வாக லண்டன் 1965இல் பெருத்தபோது தபால் லண்டன் கூடவே பெருக்கவில்லை. அதனால்தான் ஹாரோ, குரோய்டன், கிங்ஸ்டன் எல்லாம் லண்டனுக்குள் இருந்தும் முகவரியில் லண்டன் வராது. எதிர்மாறாகவும் ஒரு இடம் உண்டு: செவர்ட்ஸ்டோன் என்ற கிராமம் எசெக்ஸில் இருக்கிறது, ஆனால் போஸ்ட்கோடு இ4. ஆகவே பயப்பட வேண்டாம், நீங்கள் லண்டனை விட்டுப் போகவில்லை.

மிடில்செக்ஸ் ஒரு பழைய கவுண்டி, நம் ஊர் மாவட்டம் போல. 1965 ஏப்ரல் 1 அன்று அதன் கவுண்டி கவுன்சிலைக் கலைத்தார்கள். 1963இல் வந்த லண்டன் அரசாங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. 32 பரோக்கள் பிறந்தன, சிட்டி ஆஃப் லண்டன் தனியாக நின்றது. மிடில்செக்ஸின் பெரும்பகுதி பெருநகர லண்டனுக்கு வந்தது. ஸ்டெய்ன்ஸும் சன்பரியும் சரேக்குப் போயின, பாட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபோர்ட்ஷயருக்குப் போனது. ஆனால் தபால் முகவரியில் மிடில்செக்ஸ் என்ற பெயரை விடாமல் வைத்திருந்தார்கள். 1996இலிருந்து கவுண்டிப் பெயர் எழுதவே தேவையில்லை என்று ரோயல் மெயில் சொல்லிவிட்டது. வீடு விற்பவர்கள் மட்டும் இன்னும் எழுதுகிறார்கள்.

உங்கள் தெருவின் கதை இன்னும் பழையது. 1894 வரைக்கும் வெம்பிளி என்பது ஹாரோ பாரிஷின் (தேவாலயப் பங்கின்) ஒரு பகுதிதான். அந்த வருடம் பிரித்துத் தனியாக்கினார்கள். 1965இல் வெம்பிளியையும் வில்ஸ்டனையும் ஒன்றாகக் கட்டி, நடுவே ஓடும் ஆற்றின் பெயரை வைத்து, பிரென்ட் என்றார்கள். ஹாரோவுக்கு அப்படி எந்தக் கட்டும் நடக்கவில்லை. 32 பரோக்களில் பழைய ஒரே ஒரு நகரசபையின் எல்லையை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டது ஹாரோ ஒன்றுதான். கல்யாணத்தில் இரண்டு வீடு சேர்ந்தது பிரென்ட், பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டது ஹாரோ என்று என் மனைவிக்கு விளங்கப்படுத்துவேன்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. என் பேத்தி நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மகன் குடும்பம் அப்போது வீல்ட்ஸ்டோனில், அது ஹாரோ பரோ. ஆஸ்பத்திரியின் முகவரியிலும் ஹாரோ என்றுதான் இருக்கும். மகன் பிறப்பைப் பதிய ஹாரோவில் நேரம் எடுத்துக்கொண்டு, நித்திரை முழித்த கண்ணோடு போனான். அங்கே இருந்த பெண் மிக அன்பாக ஒரு வரைபடத்தைக் காட்டி, ஆஸ்பத்திரி நிற்கும் நிலம் பிரென்ட்டில் இருக்கிறது, பிறப்பைப் பிறந்த இடத்துப் பதிவு மாவட்டத்தில்தான் பதிவு செய்வார்கள், 42 நாள் இருக்கிறது, அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பதிவு மாவட்டம் பிரென்ட். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கும், வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

ரமேஷ், வெம்பிளி:

ஐயா, பில்லை எடுத்துப் பார்த்தேன். பிரென்ட்தான். 11 வருடமாகக் கட்டுகிறேன், மேலே இருந்த பெயரை வாசித்ததே இல்லை. மீரா, மன்னிக்கவும்.

திருச்சி மீரா:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரமேஷ், பரவாயில்லை.

மண்டலம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. லண்டன் மேயர்தான் எல்லா பரோவுக்கும் மேலே என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, எங்கள் இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும் வரை ஓட்டுப் போட முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அது சரிதானா?

சுபா, ஹாரோ வீல்ட்:

மீரா, பள்ளி விஷயத்தை நான் சொல்கிறேன். என் மூத்தவனுக்கு எல்லாம் செய்து முடித்தவள் நான்.

விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் பரோவின் கவுன்சில் வழியாகத்தான் போக வேண்டும். பள்ளி எந்த பரோவில் இருந்தாலும் பரவாயில்லை. ஒரே படிவத்தில் ஆறு பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் போடலாம். அதில் இரண்டு பிரென்ட், மூன்று ஹாரோ, ஒன்று பார்னெட் என்று கலந்தும் போடலாம். லண்டன் கவுன்சில்கள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும். கடைசி நாள் அக்டோபர் 31. முடிவு மார்ச் 1 அன்று வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது வீடு மாறும் தேதி. அக்டோபர் 31க்குள் கென்டனுக்குக் குடிவரவில்லை என்றால், ஈஸ்ட் ஹாம் இருக்கும் பரோவான நியூஹாம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தம் கைமாறிய கடிதத்தைக் காட்டினால் புதிய முகவரியை ஏற்பார்களா, எந்தத் தேதி வரை ஏற்பார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வாங்கும் காரியம் சொன்ன தேதிக்கு முடிவதே இல்லை.

ஹாரோ பிள்ளைகளுக்குத்தான் ஹாரோ பள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1989இல் கிரீனிச் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது: பரோவுக்குள் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கவுன்சில் தன் ஊர்ப் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுக்க முடியாது. பெரும்பாலான பள்ளிகளில் அண்ணன் அக்கா படிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் தூரத்தைத்தான் அளப்பார்கள். ரோட்டைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் இருக்கும் பள்ளிக்கு நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் ஒவ்வொரு பள்ளியும் எப்படி அளக்கிறது, சமயப் பள்ளி என்றால் என்ன கேட்கிறது என்பதை அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதியில் வாசியுங்கள்.

2010க்கு முன் வந்திருந்தால் உங்களுக்கு இன்னும் பெரிய தலைவலி இருந்திருக்கும். அதுவரை ஹாரோவில் பிள்ளைகள் 12 வயதில்தான் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். பிரென்ட்டில் 11 வயதில். என் அக்கா குடும்பம் உங்கள் பக்கம், நாங்களும் என் மச்சாள் குடும்பமும் இந்தப் பக்கம். ஒரே வயதுப் பிள்ளைகள், அவள் மகள் புதுச் சீருடையில், என் மச்சாள் மகள் பழைய பள்ளியிலேயே இன்னும் ஒரு வருடம். படம் எடுக்கும்போது ஏன் என்று கேட்டு அழுதாள் அந்தப் பிள்ளை.

கென்டன் தபால்காரர்:

சுபா தங்கச்சி சொன்னதெல்லாம் சரி.

மீரா பிள்ளை, முதலில் ஓட்டு. அதுதான் எனக்கு முக்கியம். உங்கள் அலுவலகத்தில் சொன்னது தவறு. இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். இங்கே சட்டப்படி குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் 18 வயது நிரம்பியிருந்தால் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். கவுன்சில், லண்டன் மேயர், பாராளுமன்றம் மூன்றுமே. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. நான் வந்து ஆறு வருடம் இது தெரியாமல் இருந்தேன். ஆறு வருடமும் மற்றவர்களின் வாக்குச்சாவடி அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்று இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு வீட்டில் குஜராத்திக் கிழவி ஒருவர் அட்டையை வாங்கிக்கொண்டு, உனக்கு எந்த ஸ்கூலில் ஓட்டு என்று கேட்டார். எனக்கு இல்லை என்றேன். உள்ளே கூப்பிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, படிவத்தை என் முன்னால் வைத்து நிரப்ப வைத்தார். அதை நான் மறக்கவில்லை. ஆகவே வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே இரண்டு பேரும் அரசாங்கத் தளத்தில் பதிந்துவிடுங்கள், நஷனல் இன்சூரன்ஸ் எண் இருந்தால் ஐந்து நிமிடம். வாக்குச்சாவடியில் இப்போது படமுள்ள அடையாள அட்டை கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட் செல்லும்.

மண்டலம் பற்றி. நீங்கள் சொல்லும் மண்டலம் ஒரே மாநகராட்சியின் கிளை. பரோ கிளை இல்லை, அது தனியாக நிற்கும் ஒரு முழு உள்ளாட்சி. தனக்கென்று தேர்தல், தனக்கென்று வரி, தனக்கென்று ஊழியர்கள். பிரென்ட்டில் 22 வார்டு, 57 கவுன்சிலர்கள். ஹாரோவில் 22 வார்டு, 55 கவுன்சிலர்கள். இரண்டுமே 2022இல் திருத்தி அமைத்தவை. எல்லா இடங்களுக்கும் நான்கு வருடத்துக்கு ஒரே நாளில் தேர்தல், 2022, 2026 என்று வரும். நீங்கள் இருந்த நியூஹாமில் மேயரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பார்கள். பிரென்ட்டில் அப்படி இல்லை. இங்கே மேயர் சங்கிலி போட்டுக்கொண்டு விழாவுக்கு வருபவர், வருடா வருடம் கவுன்சிலர்கள் தெரிவு செய்வார்கள். அதிகாரம் கவுன்சில் தலைவரிடமும் அவருடைய அமைச்சரவையிடமும் இருக்கிறது. ஆகவே வடிகால் அடைத்துக்கொண்டது என்று மேயருக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள்.

லண்டன் மேயர் பரோக்களின் எஜமான் கிடையாது. வேலை பிரிந்திருக்கிறது. பஸ், டியூப், போலீஸ், தீயணைப்பு, நகரம் முழுவதற்குமான திட்ட வரைவு மேயரின் பக்கம். குப்பை, வீட்டுக்கு முன்னால் இருக்கும் வீதி, நடைபாதை, நூலகம், முதியோர் கவனிப்பு, வீடு பெருப்பிக்க அனுமதி பரோவின் பக்கம். வீதியிலும் ஒரு பிரிவு உண்டு: சிவப்புக் கோடு போட்ட நார்த் சர்குலர் போன்ற பெரிய சாலைகள் மேயரின் கீழ் இருக்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையவை, அவை மொத்த வீதிகளில் 5 சதவீதம்தான். மற்றவை பெரும்பாலும் கவுன்சிலுடையவை, கென்டன் ரோடும் அப்படியே. எல்லையில் ஓடும் வீதியை எவர் பராமரிப்பது என்று பக்கத்துப் பக்கத்துக் கவுன்சில்கள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே குழி விழுந்திருந்தால் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் வரைபடத்தின் மேல் புள்ளி வையுங்கள், யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கு அதுவே அனுப்பும்.

கவுன்சில் டாக்ஸ் பில்லில் இந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வரி பிரென்ட்டுக்கு. அடுத்த வரி கிரேட்டர் லண்டன் அதாரிட்டிக்கு (லண்டன் மேயரின் நிர்வாகம்), 2024-25இல் பேண்ட் டி வீட்டுக்கு 471.40 பவுண்ட். அந்த இரண்டாவது தொகை ரோட்டின் இரண்டு பக்கமும் ஒன்று. முதலாவதுதான் மாறும். பேண்ட் என்பது வரிக்காக வீடுகளைப் பிரித்த படி, வீட்டின் 1991 ஏப்ரல் 1 பெறுமதியை வைத்துப் போட்டது. நீங்கள் இன்று கொடுக்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கோடு மறையும் இடங்களும் உண்டு, எனக்கு அவை மேல் ஒரு பிரியம். லண்டன் அசெம்பிளித் தேர்தலில் பிரென்ட்டும் ஹாரோவும் ஒரே தொகுதி. போலீஸில் பார்னெட், பிரென்ட், ஹாரோ மூன்றும் ஒரே பிரிவு. குப்பையை எடுக்க வேறு வேறு லாரி வந்தாலும், எடுத்த பிறகு அதைக் கொட்டி அழிக்கும் பொறுப்பு மேற்கு லண்டன் கழிவு அதிகாரசபைக்கு. 1986இல், அதுவரை லண்டன் முழுவதற்கும் இருந்த கிரேட்டர் லண்டன் கவுன்சிலைக் கலைத்தபோது உருவாக்கியது அது. ஆறு பரோக்கள் சேர்ந்து நடத்துகின்றன, உங்கள் பக்கமும் என் பக்கமும் அதில் அடக்கம்.

நடராசா, ஸ்டான்மோர்:

அண்ணை, ஒன்று மட்டும் மறுக்கிறேன். மிடில்செக்ஸ் என்று எழுதுவதை வீடு விற்பவர்களின் வழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். கவுன்சிலைக் கலைத்தால் ஊர் போய்விடுமா? லோர்ட்ஸ் மைதானத்தில் விளையாடும் மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணி இருக்கிறதே. நான் 30 வருடமாக அந்த அணியைப் பார்க்கிறேன். என் கடிதத் தலைப்பில் கடைசி வரை மிடில்செக்ஸ் இருக்கும்.

கென்டன் தபால்காரர்:

எழுதுங்கள் நடராசா, கடிதம் எப்படியும் வந்து சேரும். கதவு எண்ணும் போஸ்ட்கோடும் சரியாக இருந்தால் போதும். பெயர் மேல் உங்களுக்கு இருக்கும் பிடிப்பு எனக்கும் உண்டு. பிள்ளை அதைப் பார்த்துக் கவுன்சிலைத் தேடிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

திருச்சி மீரா:

நேற்று மாலை மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஸ்டேஷனில் இறங்கி, கென்டன் ரோட்டில் நடந்தோம். எங்கள் தெரு முனையில் பலகை கொஞ்சம் செடிக்குள் மறைந்திருந்தது. மகள் இலையை விலக்கிப் பிடித்தாள். தெருப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் லண்டன் பரோ ஆஃப் பிரென்ட் என்று இருந்தது. மூன்று முறை அந்த முனையைக் கடந்திருக்கிறோம், ஒருமுறையும் கண்ணில் படவில்லை. அப்புறம் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய், "இப்ப ஹாரோ" என்றாள். சிக்னல் விழும்வரை நின்று திரும்பி வந்து, "இப்ப பிரென்ட்" என்றாள்.

சுபா அக்கா சொன்னதுபோல இரண்டு கவுன்சிலுக்கும் பள்ளித் தேதி பற்றி எழுதிவிட்டேன். ஓட்டுக்குப் பதிவதற்காக நஷனல் இன்சூரன்ஸ் எண்களையும் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் குஜராத்திப் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. வங்கி, டிரைவிங் லைசென்ஸ், மருத்துவர், எல்லா இடத்திலும் முகவரி மாற்ற வேண்டும். ஊர் என்ற கட்டத்தில் ஹாரோ என்று எழுதுவதா, பிரென்ட் என்று எழுதுவதா?

கென்டன் தபால்காரர்:

ஊர் என்ற கட்டத்தில் ஹாரோ. அது தபால் ஊர். பிரென்ட் என்று எழுத வேண்டாம், அப்படி ஒரு தபால் ஊர் இல்லை. கவுண்டி கேட்டால் வெறுமையாக விடலாம், விடாவிட்டால் கிரேட்டர் லண்டன் என்று போடுங்கள். உள்ளாட்சி அல்லது கவுன்சில் என்று எங்கே கேட்டாலும் பிரென்ட். கவுன்சில் டாக்ஸுக்குக் குடிவந்த தேதியோடு நீங்களாகவே பதிய வேண்டும், நியூஹாமுக்கும் வெளியேறிய தேதியைச் சொல்லுங்கள். மருத்துவர் பதிவுக்கு பரோ எல்லை பார்ப்பதில்லை, அந்த மருத்துவ நிலையம் தனக்கு வகுத்திருக்கும் பகுதிக்குள் உங்கள் தெரு வருகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் தபால் சேவைக்கும் எழுதிக்கொடுங்கள். குடிபோகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்தால் நல்லது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும், மகளுடைய பெயரை விட்டுவிடாதீர்கள்.